நீண்டுபோன கண்கள்

அக்கா அன்று தன் வீட்டுச் சமையலறையில் கொசு அடித்துக்கொண்டிருந்தாள். ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்பதாகையில் கொசுவுக்குப் பஞ்சமில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அவளை இடுப்பில் வைத்தபடி வாசற்படியில் சாய்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தேன். அக்கா குழம்பைக் கிளறுவாள், சட்டென்று இடது கையை முகத்துக்கு நேரே வீசுவாள், திரும்பவும் கிளறுவாள்.

"இன்னாடி இது, இந்த ஒரு கொசு மட்டும் கைல மாட்டவே மாட்டேங்குது" என்றாள்.

நான் பார்த்தேன். அங்கே கொசு எதுவும் இல்லை.

"எங்கக்கா?"

"தோ, இங்கதான்." அவள் கண்ணை இடப்பக்கம் திருப்பினாள். "இப்டி பாத்தா அதுவும் இப்டி போவுது. அப்டி பாத்தா அப்டி போவுது."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள். அழுக்கு என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கண் என்றால் கண்ணாடிதான். கண்ணில் எது வந்தாலும் கண்ணாடியைத் துடைப்போம், இல்லையென்றால் கண்ணாடியை மாற்றுவோம்.

சின்ன வயதிலேயே எங்களுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அக்காவுக்கு ஒன்றாம் வகுப்பில், எனக்கு மூன்றாம் வகுப்பில். அப்பா பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் எங்களை அம்பத்தூரில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போவார். அங்கே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு முதல் வரி தெரியும். அக்காவுக்குப் பலகை மட்டும்தான் தெரியும். பவர் ஏறிவிட்டது என்பார்கள். புதுக் கண்ணாடி வரும், அதைவிடத் தடிமனாக. அம்மா பொன்னாங்கண்ணிக் கீரையை வாரத்தில் பாதி நாள் சமைத்தாள். பள்ளியில் எங்களைச் சோடா புட்டி என்று கூப்பிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால், கண்ணுக்குள்ளே, வேறு ஏதாவது நடந்துகொண்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பொருளை மூக்குக்கருகில் கொண்டுவந்தால், மற்றவர்கள் பார்க்க முடியாததை அவள் பார்ப்பாள். தெருவில் யார் காலில் முள் குத்தினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அக்கா அந்தக் காலைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஊக்கால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவாள். என் தலையிலும் அம்மா தலையிலும் ஈர் எடுப்பது அவள் வேலை. பிறகு அந்தக் கண்ணை வைத்தே அவளுக்கு வேலையும் கிடைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவு. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேஜைக்கு வரும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டு, துணியை முகத்தருகே பிடித்து, தையல் விட்ட இடத்தையும் பிசிறு நூலையும் கண்டுபிடிப்பாள். துணியை முத்தம் கொடுப்பதுபோல் பார்க்கிறாள் என்று கூட வேலை பார்க்கிற பெண்கள் கேலி செய்வார்களாம். அதைப் பெருமையாகத்தான் சொல்வாள்.

கொசு வந்த சில நாட்களில் மின்னல் வந்தது. போனில் சொன்னாள். "லைட்ட அணைச்சா இடது கண்ணு ஓரத்துல பளிச் பளிச்சுனு அடிக்குதுடி. ரோட்டோரம் வெல்டிங் வெப்பானுங்கள்ல, அந்த மாறி."

"டாக்டர்கிட்ட காமிச்சுடுக்கா."

"ஷிப்மெண்ட் போயிகினு கீது. இந்த வாரம் லீவு கேட்டா சூப்ரவைசர் கத்துவான். முடிச்சுட்டுப் போறேன்."

வலி இல்லை. கண் சிவக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காக யார் லீவு போடுவார்கள்?

ஷிப்மெண்ட் முடிவதற்கு முந்தின நாள், வேலை முடிந்து பேருந்தில் வரும்போது அவள் இடது கண்ணில் கீழேயிருந்து ஒரு நிழல் ஏற ஆரம்பித்திருக்கிறது. அவள் அதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் மறக்கவில்லை. "மழை காலத்துல ஊட்டுக்குள்ள தண்ணி ஏறுமே, அப்டி ஏறுதுடி. மொதல்ல கண்டக்டர் காலு தெரில. அப்பால இடுப்பு வரிக்கும் தெரில. ஆவடி வர்றதுக்குள்ள மூஞ்சி மட்டும் மேல மிதந்துகினு கீது."

மறுநாள் காலை அவளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு நகரத்தில் இருக்கும் பெரிய கண் மருத்துவமனைக்குப் போனேன். மாமா என்றால் அக்காவின் கணவர். தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமா எதற்கும் பதறாத மனிதர். எந்தப் பொருள் கெட்டாலும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரிய வைத்து, தலையில் விளக்கு மாட்டிய டாக்டரம்மா அக்காவின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். என்னைவிட இளையவர். பார்த்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து இரண்டு படம் வரைந்தார்.

"இது சாதாரண கண். கோலிகுண்டு மாதிரி உருண்டையா இருக்கும். இது உங்களோடது. பின்பக்கமா நீண்டு கோழிமுட்டை மாதிரி ஆயிடுச்சு. கிட்டப்பார்வைன்னு நாம சொல்றது இதைத்தான். கண் நீளமா இருக்கிறதால பிம்பம் விழித்திரைக்கு முன்னாடியே விழுந்துடுது. கண்ணாடி போட்டா பிம்பம் சரியா விழும். ஆனா கண்ணோட நீளம் குறையாது."

"அதுக்கும் இதுக்கும் இன்னா டாக்டர் சம்பந்தம்?" என்று மாமா கேட்டார்.

"கண் நீளும்போது உள்ளே இருக்கிற விழித்திரை கூடச் சேர்ந்து புதுசா வளராது. இருக்கிறதேதான் இழுபடும். பலூனை ஊத ஊத ரப்பர் மெலிசாகுதில்ல, அப்படி. ஓரத்துல ரொம்ப மெலிஞ்சு ஒரு இடத்துல கிழிஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி அந்தக் கிழிசல் வழியா பின்னாடி போய், விழித்திரையைச் சுவத்துலேர்ந்து பிரிச்சுடுச்சு."

"கண்ணாடி பவர் ஏறிக்கினே போச்சு, அவ்ளோதான்னு நெனச்சுகினு இருந்தோம் டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்றார் அவர். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "பார்வையோட நடுப்புள்ளி வரைக்கும் பிரிஞ்சுடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். எவ்வளவு பார்வை திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது."

அக்கா அந்தப் படத்தை எடுத்து, வழக்கம்போல் மூக்குக்கருகில் வைத்து வலது கண்ணால் பார்த்தாள். "இவ்ளோ நீளமாவா பூடுச்சு?" என்றாள்.

ஆபரேஷனில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள். குமிழ் எப்போதும் மேலேதான் போகும். அதனால் குப்புறப் படுத்தால்தான் அது பின்பக்கத்து விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். சாப்பிடும்போதும், கழிவறைக்குப் போகும்போதும்கூடத் தலை குனிந்தே இருக்கவேண்டும் என்றார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, கைக்குழந்தையுடன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

கட்டிலின் ஓரத்தில் துண்டுகளைச் சுருட்டி வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்து, முகம் வெளியே தொங்கும்படி படுத்திருப்பாள். மேலேயிருந்து பார்த்தால் பின்னலும் முதுகும்தான் தெரியும். முதுகோடு எவ்வளவு நேரம் பேசுவது? இரண்டாம் நாள் நான் தரையில் பாயை விரித்து, அவள் முகத்துக்கு நேர்கீழே மல்லாந்து படுத்துக்கொண்டேன். குழந்தையை என் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தது. அக்காவின் ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணிலிருந்து தண்ணீர் நேராக என் கழுத்தில் சொட்டும். அழுகிறாளா, குனிந்தே இருப்பதால் வழிகிறதா என்று தெரியாது. கேட்டால், "சொம்மா வழிதுடி" என்பாள்.

குழந்தை கையை மேலே நீட்டி அவள் மூக்கைப் பிடிக்கும். அக்கா நாக்கை வெளியே நீட்டிக் காட்டுவாள். குழந்தை சிரிக்கும். அந்தச் சில நாட்களில் என் மகள் அவளுடைய முகத்தைப் பார்த்த அளவுக்கு என் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

மாமா சமைத்தார். ரசத்தில் புளியை அள்ளிப் போட்டார். ஸ்ட்ரா வைத்துக் குடிக்கும்படி எல்லாவற்றையும் கரைத்துக் கொடுத்தார். சாயங்காலம் கட்டில் காலருகே உட்கார்ந்து, "இன்னாம்மே, எதுனா தெரிதா?" என்று கேட்பார். "கட்டு போட்டுகினு கீறேன், இன்னா தெரியும்?" என்பாள் அக்கா. மறுநாளும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

கட்டுப் பிரித்த பிறகு குமிழ் மெல்லக் கரைந்தது. இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. மங்கலாக ஆட்கள் தெரிந்தார்கள். பிறகு ஒரு காலை அதே நிழல் மறுபடியும் வந்தது. உள்ளே தழும்பு உண்டாகி விழித்திரையைச் சுருக்கி இழுத்துவிட்டது என்றார்கள். இன்னொரு ஆபரேஷன். இந்த முறை வாயுவுக்குப் பதிலாக எண்ணெய் வைத்தார்கள். விழித்திரை ஒட்டிக்கொண்டது. பார்வை வரவில்லை. இடது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரியும், அவ்வளவுதான்.

கூடப் பிறந்தவர்களும் கண்ணைக் காட்டவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்குப் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் ஓரங்களில் விழித்திரை மெலிந்து, சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. எனக்கு ஒன்றுமே தெரியாமல் அவை எத்தனை காலமாக இருந்தனவோ. லேசர் வைத்து ஓட்டைகளைச் சுற்றி ஒட்டினார்கள். பச்சை வெளிச்சம் ஒவ்வொரு முறையும் மண்டைக்குள் குத்துவதுபோல் இருந்தது. வெளியே வந்ததும் மாமா, "ஸ்பாட் வெல்டிங் மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப கெட்டியா நிக்கும்" என்றார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "உனுக்குத் தப்பிச்சுதே, அது போதும்டி." அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் கண் போனதால்தான் என் கண்ணைப் பார்த்தார்கள்.

அக்கா ஒரு கண்ணோடு வேலைக்குப் போனாள். கம்பெனியில் சேர்த்துக்கொண்டார்கள். பேருந்துப் படிக்கட்டில் ஒரு முறை தடுமாறினாள், டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள், பிறகு பழகிக்கொண்டாள். துணியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பதும் அவள்தான். புத்தகத்தை முகத்தருகே தூக்கிக்கொண்டு வாசிப்பாள். கடைசி வரிசை வரை அந்தக் குரல் கேட்கும். இப்படியே போய்விடும் என்று எல்லோரும் நம்பினோம்.

என் மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, அக்கா ஒரு சாயங்காலம் மாமாவிடம், "டியூப்லைட்டு வளைஞ்சு கீது பாரு, எப்ப வோணா வுழுந்துடும்" என்றிருக்கிறாள். மாமா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் சொல்கிறாளே என்று கழற்றி மாட்டினார். "இப்ப?" "இன்னும் வளைஞ்சுதான் கீது." அடுத்த நாள் கடைக்குப் போய்ப் புது ஃபிட்டிங்கே வாங்கிவந்து மாட்டினார். ஸ்டூலிலிருந்து இறங்காமல், "இப்போ நேரா கீதாம்மே?" என்று கேட்டிருக்கிறார். அக்கா விளக்கைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்தாளாம். அதுவும் நடுவில் வளைந்திருந்தது. கதவின் நிலையும் வளைந்திருந்தது. "எறங்கு. லைட்டு நல்லாதான் கீது" என்றாளாம்.

மாமா இதை எனக்குச் சொன்னபோது அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இந்த முறை வலது கண், அதுவும் ஓரத்தில் இல்லை, நடுவில். கண் நீண்டு நீண்டு, பின்சுவரில் விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியாகப் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, பார்வையின் நடுப்புள்ளிக்கு அடியில் கசிந்திருந்தது. அதே டாக்டரம்மாதான். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார். மாதம் ஒரு முறையாகச் சில முறை. ஊசி போடும்போது வலித்ததா என்று கேட்டால், "அத்த வுடு" என்பாள். கசிவு நின்றது. ஆனால் கசிந்த இடத்தில் தழும்பு விழுந்துவிட்டது. அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில்தான் எழுத்து தெரியவேண்டும், தையல் தெரியவேண்டும், முகம் தெரியவேண்டும்.

கடைசியாக டாக்டரம்மா, "இதுக்கு மேல ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. ஓரப் பார்வை இருக்கும். அது உங்களை விட்டுப் போகாம பார்த்துக்கலாம்" என்றார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது, "அப்போ இனிமே யாருக்கும் முள்ளு எடுக்க முடியாதா?" என்று கேட்டாள். மாமா மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆட்டோ வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

இப்போது அவள் ஒருவரைப் பார்க்கவேண்டுமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் தெரியும். புடவை நிறம் தெரியும், ஆள் உயரம் தெரியும். நேரே பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் நிற மொத்தை. தெரியாதவர்கள், இந்த அம்மா பேசும்போது வேறெங்கோ பார்க்கிறாளே என்று நினைப்பார்கள். வேலையை விட்டுவிட்டாள். வேதபாடம் வாசிப்பதை முதலில் விட்டாள். பிறகு மாமா முந்தின நாள் வாசித்துக் காட்ட, சின்னப் பகுதியாக இருந்தால் மனப்பாடம் செய்து சொல்கிறாள். புத்தகத்தைக் கையில் திறந்து வைத்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவளைப் பொறுத்தவரை என் மகளின் முகம் மூன்று வயதில் நின்றுவிட்டது. "கன்னம் இன்னும் உப்பிக்கினு கீதா?" என்று கேட்பாள். இல்லை, ஒல்லியாகிவிட்டாள் என்பேன். பால் பல் விழுந்தபோது குழந்தை அவளிடம் ஓடிப்போய் வாயைத் திறந்தாள். அக்கா விரலை உள்ளே விட்டு ஈறைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் பள்ளியில் மகளின் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, பலகையில் எழுதுவதைப் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்தார். பவர் ஆரம்பித்திருந்தது. விழித்திரை இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, வருஷா வருஷம் மருந்து விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். "தினமும் வெளியே வெயில் வெளிச்சத்துல விளையாட விடுங்க. கண் நீள்றது கொஞ்சம் மெதுவாகும்." நிற்குமா என்று கேட்டேன். மெதுவாகும் என்றுதான் மறுபடியும் சொன்னார்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். ஆனால் கண்ணாடி போட்ட குழந்தையைக் கட்டிப்பிடித்தால் தெரியாமலா போகும்? ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன். என் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்கா எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, உன் மூஞ்சில சின்னச் சின்னக் குழி இருக்கு" என்றாள் மகள்.

அம்மை போட்ட தழும்பு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இருப்பது. இத்தனை நாள் தூரத்திலிருந்து பார்க்கும்போது அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவின் கை மொச்சையின் மேல் நின்றது. "அங்கேர்ந்தா தெரிது?" என்றாள்.

"ம். நல்லாத் தெரியுது."

"இங்க வா."

மகள் அவள் அருகில் போனாள். அக்கா அவள் முகத்தைத் தடவி, காதருகே கண்ணாடியின் கம்பியைத் தொட்டாள். மெதுவாகக் கழற்றினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து லென்சின் ஓரத்தை அளந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"மெலிசாதான் கீது" என்றாள் என்னிடம். எங்களுடையதும் முதலில் மெலிசாகத்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரியாதா?

திரும்ப மாட்டிவிடும்போது கம்பி குழந்தையின் நெற்றியில் இடித்தது. அவள் அசையவில்லை. அக்கா தடவித் தடவிக் காதைக் கண்டுபிடித்து மாட்டினாள். "சரியா கீதா?"

"சரியா கீது பெரிம்மா" என்றாள், அவளைப் போலவே.

அன்று ராத்திரிச் சாப்பாடு வரை அக்கா வழக்கம்போல்தான் இருந்தாள். நாங்கள் கிளம்பும்போது மட்டும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "இது நம்மளோட முடிஞ்சு பூடும்னு நெனச்சேன்டி" என்றாள்.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கோவில்பதாகைக்கு வந்துவிடுகிறோம். பக்கத்தில் இன்னும் வீடு கட்டாத ஒரு மனை இருக்கிறது. மாமா முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். அங்கே அவரும் என் மகளும் ஷட்டில் ஆடுகிறார்கள். மாமாவுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் நிறுத்துவதில்லை. அக்கா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணில் இரண்டு உருவங்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் ஆகி, எனக்குப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் வந்துவிடும். எழுந்து மகளைக் கூப்பிடப் போவேன். அக்கா என் புடவையைப் பிடித்து உட்காரவைப்பாள்.

"இன்னும் வெளிச்சம் கீதா?"

"கொஞ்சம் இருக்குக்கா."

"அப்போ வெளாடட்டும் வுடு."